எபிடூரல் வேண்டுமா? 34-வது வாரத்திலேயே பேசிவிடுங்கள் (பிறகு இடுப்புத் தசையையும் மறந்துவிடாதீர்கள்)

எனக்கு வலி கண்டது நள்ளிரவுக்கு மேல். மூன்று நிமிடத்துக்கு ஒரு வலி. "எபிடூரல் போடுங்க" என்று கேட்டேன். பிரசவ வலியைக் குறைக்க முதுகில் குழாய் வைத்து மருந்து செலுத்துவதுதான் எபிடூரல். நர்ஸ் நிதானமாகச் சொன்னார்: "டாக்டர் வெளியில இருந்து வரணும்மா. உங்க பிளேட்லெட் ரிப்போர்ட் எங்க?"

அந்த ரிப்போர்ட் (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்களின் எண்ணிக்கை) சென்னையில் ஒரு லேபின் செயலிக்குள் இருந்தது. அதைத் திறக்கும் ஓடிபி என் கணவரின் போனுக்கு வரும். அவரோ ராத்திரி பஸ்ஸில் ஊருக்கு வந்துகொண்டிருந்தார், போனில் சார்ஜ் இல்லை. மறுபடி ரத்தம் எடுத்து, முடிவு வந்து, மயக்க மருந்து டாக்டர் வந்து ஊசி போட மூன்று மணி நேரம் ஆயிற்று.

இன்னொரு தவறு பிரசவத்துக்குப் பின் நடந்தது. இடுப்பின் அடித்தளத் தசை தளர்ந்து, இருமினால் சிறுநீர் கசிந்ததை நான்கு மாதம் எந்த டாக்டரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன். இந்த இரண்டும் உங்களுக்கு நேராமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். தமிழ்நாட்டில் தனியார் மருத்துவமனையில் முதல் பிரசவம் பார்க்கப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது. நான் மருத்துவர் இல்லை. உங்கள் உடம்புக்கு எது சரி என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

1. பிரசவம் பார்க்கப்போகும் மருத்துவமனையில் நேரில் போய்க் கேளுங்கள் (34-வது வாரத்துக்குள்)

வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகிறவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். ஏழு மாதம் ஓர் ஊரில் பார்த்துவிட்டுப் பிரசவத்துக்கு வேறு ஊர் போகிறோம். முதல் மருத்துவமனையில் இருந்த வசதி இரண்டாவதிலும் இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வாசலில் "வலியில்லாப் பிரசவம்" என்று பலகை இருந்தால் மட்டும் போதாது. இவற்றைக் கேளுங்கள்:

- மயக்க மருந்து டாக்டர் 24 மணி நேரமும் உள்ளேயே இருக்கிறாரா, கூப்பிட்டால்தான் வருவாரா? வர எவ்வளவு நேரம் ஆகும்?
- இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பண்டிகை நாளிலும் எபிடூரல் உண்டா?
- கடந்த மாதம் இங்கே எத்தனை பேருக்குப் போட்டார்கள்?

மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்தே நிலைமை புரிந்துவிடும். "கேட்டா போடுவோம்மா" என்று இழுத்தால் அங்கே அது அபூர்வம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். மாதம் இத்தனை என்று சட்டென்று சொன்னால் நல்லது.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சிசேரியனுக்கு முதுகில் ஒரே தடவையாகப் போட்டு மார்புக்குக் கீழே முழுக்க மரத்துப்போகச் செய்வது ஸ்பைனல். எபிடூரலில் முதுகின் கீழ்ப்பகுதியில் மெல்லிய குழாய் ஒன்றை வைத்து, பிரசவம் முடியும்வரை மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலுத்துவார்கள். "எங்க அக்காவுக்கும் முதுகு ஊசி போட்டாங்க" என்று யாராவது சொன்னால், எந்த ஊசி என்று கேட்டுவிட்டு மீதிக் கதையைக் கேளுங்கள்.

2. மயக்க மருந்து டாக்டரை ஒரு முறை பார்த்துவிடுங்கள் (34 முதல் 36-வது வாரம்)

பத்து நிமிட வேலைதான். உங்கள் மகப்பேறு டாக்டரிடம் சொன்னால் ஏற்பாடு செய்வார். இவற்றை மறைக்காமல் சொல்லுங்கள்:

- ரத்தம் உறையாமல் இருக்க வயிற்றில் தினமும் ஊசி போடுகிறீர்களா? (குழந்தைக்காகச் சிகிச்சை எடுத்தவர்கள் பலருக்கும் இது இருக்கும்.) கடைசி ஊசிக்கும் எபிடூரலுக்கும் நடுவே, அளவைப் பொறுத்து 12 அல்லது 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். வலி கண்டால் அடுத்த ஊசியைப் போடாமல் முதலில் போன் செய்யுங்கள். குறைந்த அளவு ஆஸ்பிரின் மாத்திரை மட்டும் என்றால் பொதுவாகத் தடையில்லை.
- முதுகெலும்பில் அறுவை சிகிச்சை, டிஸ்க் பிரச்சினை, முதுகு வளைவு.
- பிளேட்லெட் குறைவு. 70,000–80,000-க்குக் கீழே போனால் பெரும்பாலான டாக்டர்கள் தயங்குவார்கள்.
- மருந்து ஒவ்வாமை, முன்பு மயக்க மருந்தில் ஏற்பட்ட சிக்கல்.

சம்மதப் படிவத்தை அன்றைக்கே வாங்கிப் படித்துவிடுங்கள். வலியின் நடுவில் நீட்டினால் யார் படிப்பார்கள்? நான் கையெழுத்துப் போட்ட இடம்கூடக் கோணலாக இருந்தது.

3. ஃபைலைக் காகிதமாக வைத்திருங்கள்

போனில் இருப்பது போதாது என்பதற்கு நானே சாட்சி. ஒரு பிளாஸ்டிக் ஃபைலில் இவை வேண்டும்:

- 36-வது வாரத்துக்குப் பின் எடுத்த ரத்தப் பரிசோதனை (பிளேட்லெட் எண்ணிக்கையோடு), ரத்த வகை
- கடைசி ஸ்கேன்
- சாப்பிடும் மருந்துகளின் பட்டியல்
- மயக்க மருந்து டாக்டர் எழுதித்தந்த சீட்டு
- இருவரின் ஆதார், காப்பீட்டு அட்டை
- பிக்மி எண் (கர்ப்பத்தை அரசிடம் பதிவு செய்யும்போது கிடைப்பது). எபிடூரலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இது இல்லாமல் தமிழ்நாட்டில் பிறப்புச் சான்றிதழ் நகராது, ஊர் மாறுகிறவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எல்லாவற்றிலும் இரண்டு நகல். ஒன்று உங்களிடம், ஒன்று அம்மாவிடம்.

4. பணம்: மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்

என்னிடம் முன்பே சொன்னது "பத்தாயிரம் ஆகும்". பில்லில் வந்தது 16,700 ரூபாய். டாக்டர் கட்டணம் 9,000, எபிடூரல் கிட்டும் மருந்தும் 4,200, மருந்து செலுத்தும் பம்ப் வாடகை 1,500, இரவில் வந்ததற்கு 2,000. இது என் கணக்கு. ஊருக்கு ஊர், மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். நீங்கள் கேட்க வேண்டியது இந்த நான்கு வரிகளையும் தனித்தனியாக. சுகப்பிரசவப் பேக்கேஜுக்குள் எபிடூரல் அடக்கமா என்பதையும் கேளுங்கள். பெரும்பாலும் வெளியேதான் இருக்கும்.

காப்பீட்டில் இரண்டு பொறிகள். ஒன்று, மகப்பேறுக்குத் தனி உச்சவரம்பு இருக்கும், எபிடூரலும் அதற்குள்தான் வரும். காத்திருப்புக் காலம் முடிந்ததா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள். இரண்டு, வெளியிலிருந்து வரும் டாக்டருக்குக் கையில் காசு கொடுக்கச் சொன்னால், அந்தத் தொகை மருத்துவமனை பில்லில் ஏறாது. ஒரு துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு காப்பீட்டு நிறுவனத்திடம் ஒன்றும் வாங்க முடியாது. "பில்லிலேயே சேர்த்துவிடுங்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

5. பிரசவ அறையில்

அட்மிஷன் போடும்போதே "எனக்கு எபிடூரல் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். வலி தாங்க முடியாமல் போகட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கூப்பிட்டு வரும் டாக்டர் என்றால் அவர் வரும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்தால்தான் போடலாம் என்ற பழைய விதி இப்போது கட்டாயமில்லை. உங்கள் டாக்டர் என்ன செய்வார் என்று முன்பே தெரிந்துகொள்ளுங்கள். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்து குழந்தை இறங்கிவிட்டால், போட நேரம் இருக்காது.

போடும் விதம் இப்படி: கையில் டிரிப்ஸ் ஏற்றுவார்கள். உட்கார்ந்து முன்னால் குனியச் சொல்வார்கள், அல்லது ஒருக்களித்துப் படுத்து முழங்காலை மடக்கச் சொல்வார்கள். மரத்துப்போக ஒரு சின்ன ஊசி, அதுதான் சுருக்கென்று இருக்கும். பிறகு அழுத்துவது போல ஓர் உணர்வு. நடுவில் வலி வந்தால் "வலி வருது" என்று சொல்லுங்கள், நிறுத்துவார்கள். அசையாமல் இருப்பது ஒன்றுதான் உங்கள் வேலை. மருந்து பிடிக்க 15–20 நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் அடிக்கடி பிரஷர் பார்ப்பார்கள், ஏனென்றால் ரத்த அழுத்தம் இறங்கலாம். தலை சுற்றினாலோ குமட்டினாலோ உடனே சொல்லுங்கள். நடுக்கமும் அரிப்பும் எனக்கு வந்தன, தானே போய்விட்டன.

வலி சுத்தமாகப் போகாது. இப்போதெல்லாம் குறைந்த அளவு மருந்துதான் கொடுக்கிறார்கள், அதனால் அழுத்தம் தெரியும், வலி மழுங்கும். அப்படி இருப்பதே முக்குவதற்கு நல்லது. ஒரு பக்கம் மட்டும் மரத்து மறுபக்கம் வலித்தால் "பொறுத்துக்கோம்மா" என்பதற்குத் தலையாட்டாதீர்கள். குழாயைச் சற்று இழுத்தோ, திரும்பிப் படுக்கவைத்தோ, மருந்து கூட்டியோ சரிசெய்யலாம்.

உறவினர்கள் சொல்லும் இரண்டு விஷயங்களுக்குப் பதில். எபிடூரல் போட்டால் சிசேரியன் ஆகிவிடாது. ஆயுசுக்கும் முதுகுவலியும் வராது. ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். ஆறு மாதம் கழித்து வரும் முதுகுவலிக்குக் குனிந்து பால் கொடுப்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை வையுங்கள்.

6. முக்கும் நேரம்: இடுப்புத் தசை அடிபடுவது இங்கேதான்

இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. எபிடூரல் ஊசி இடுப்பின் அடித்தளத் தசையைக் கெடுப்பதில்லை. ஆனால் உணர்வு மழுங்கியிருப்பதால் முக்கும் கட்டம் நீளலாம். நீண்டால் குழந்தையை வெளியே எடுக்க வாக்குவமோ (தலையில் உறிஞ்சிப் பிடிக்கும் கிண்ணம்) ஃபோர்செப்ஸோ (இடுக்கி) தேவைப்படலாம். தசைக்கும் தையல் போடும் இடத்துக்கும் அதிக ஆபத்து ஃபோர்செப்ஸில்தான், வாக்குவத்தில் அதைவிடக் குறைவு. எனக்கு வாக்குவம், கூடவே வெட்டித் தையல்.

நீங்கள் முன்பே பேசிவைக்கக் கூடியவை: முழுக்கத் திறந்ததும் உடனே முக்கச் சொல்வார்களா, குழந்தை தானே இறங்கக் கொஞ்சம் விடுவார்களா? ஒருக்களித்துப் படுத்து முக்கலாமா? முக்கும்போது அடியில் வெதுவெதுப்பான துணி ஒத்தடம் கொடுப்பார்களா? பெரிய கிழிசலைக் குறைக்கும் எளிய வழி அது, செலவே இல்லை. வீட்டிலேயே 34-வது வாரத்திலிருந்து யோனிவாயின் கீழ்ப்பகுதியை எண்ணெய் தொட்டு மெதுவாக நீவிவிடுவதும் முதல் பிரசவக்காரர்களுக்கு உதவும். எப்படி என்று நர்ஸிடம் காட்டச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

7. முதல் 24 மணி நேரம்: காலும் சிறுநீரும்

கால் மரப்பு முழுக்கப் போகும்வரை தனியாக எழுந்திருக்காதீர்கள். முதல் தடவை பாத்ரூம் போகும்போது இருவர் பிடித்துக்கொள்ள வேண்டும்.

சிறுநீர்தான் பெரிய விஷயம். மரத்திருக்கும்போது சிறுநீர்ப் பை நிரம்பியது தெரியாது. குழந்தை பிறந்தபின், அல்லது சிறுநீர் வெளியேற வைத்த குழாயை எடுத்தபின், 6 மணி நேரத்துக்குள் நன்றாகப் போக வேண்டும். "போனீங்களா?" என்று கேட்பார்கள். சொட்டுச் சொட்டாகப் போனதையும் "போயாச்சு" என்று சொன்னேன். கடைசியில் ஸ்கேனில் பை நிரம்பி வழிந்தது, மறுபடி ஒரு நாள் குழாய். ஒரு கப்பில் பிடித்து அளந்து எழுதச் சொல்லுங்கள். பை மிதமிஞ்சி விரிந்தால் தேற நாளாகும்.

இவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள், இரவானாலும் கிளம்புங்கள்:

- உட்கார்ந்தால் கடுமையாகி, படுத்தால் குறையும் தலைவலி. ஊசி முதுகுத் தண்டைச் சுற்றியுள்ள சவ்வைத் துளைத்திருந்தால் முதல் சில நாட்களில் வரும், நூற்றில் ஒருவருக்கு வரலாம். இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. தைலம் தேய்த்துப் பொறுத்திருக்க வேண்டாம்.
- மரப்பு போனபின் மறுபடி கால் பலமிழப்பது, தொடை இடுக்கில் உணர்வில்லாமல் போவது, மலமோ சிறுநீரோ கட்டுப்படாமல் போவது
- காய்ச்சலோடு முதுகுவலி, ஊசி போட்ட இடத்தில் சீழ்

டிஸ்சார்ஜ் சம்மரியை வாங்கியதும் கவுண்டரிலேயே படியுங்கள். கிழிசல் எந்த நிலை (1 முதல் 4 வரை), எந்தக் கருவி, எவ்வளவு நேரம் முக்கினீர்கள், குழந்தையின் எடை, எபிடூரலில் சிக்கல் ஏதும் உண்டா, இவை இருக்க வேண்டும். என்னுடையதில் "சுகப்பிரசவம், தையல்" என்று இரண்டே சொல். பிசியோதெரபிஸ்ட் கேட்டபோது பதில் சொல்ல முடியவில்லை. பழைய பதிவேட்டிலிருந்து எழுதி வாங்க ஒரு வாரம் அலைந்தோம்.

8. வீட்டில்: பத்தியமும் தண்ணீரும் வயிற்றுக் கட்டும்

பூண்டுக் குழம்பு, பிரசவ லேகியம் எல்லாம் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். "தண்ணி அதிகம் குடிக்காதே, வயிறு போடும்" என்பதை மட்டும் கேட்காதீர்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும், இறுகினால் முக்குவீர்கள். முக்கினால் தையலுக்கும் தசைக்கும் கேடு. என் அம்மாவிடம் டாக்டரையே பேசவைத்தேன், அதற்குப் பிறகு செம்பு நிறைய வெந்நீர் வந்தது. தேவையானால் மலமிளக்கி கேட்டு வாங்குங்கள். மேற்கத்தியக் கழிப்பறையில் காலுக்குக் கீழே மணையோ ஸ்டூலோ போட்டு உட்காருங்கள்.

வயிற்றில் சேலை கட்டுவது இதமாக இருந்தால் தளர்வாகக் கட்டலாம். மூச்சு முட்ட இறுக்கினால் அழுத்தம் முழுக்கக் கீழேதான் போகும். தண்ணீர்க் குடம், ஊறவைத்த மாவுப் பாத்திரம், சிலிண்டர் பக்கம் போகாதீர்கள். இந்த நாட்களில் உங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்க வேண்டாம்.

9. தசைப் பயிற்சி: எல்லோரும் தப்பாகச் செய்வது

சிறுநீர்க் குழாய் எடுத்தபின், வலியில்லாமல் முடிந்தால் சில நாட்களிலேயே தொடங்கலாம். சபையில் காற்றுப் பிரியாமல் அடக்குவது போலவும் சிறுநீரை அடக்குவது போலவும் ஒரே நேரத்தில் உள்ளேயும் மேலேயும் இழுங்கள். மூச்சு ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பிட்டமும் தொடையும் வயிறும் இறுகக் கூடாது. முதலில் 3 விநாடி, பழகப் பழக 10 விநாடி வரை. பிடித்த அளவு நேரம் தளர்த்துங்கள். ஒரு தடவைக்கு 8 முறை, நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது 3 மாதம். பால் கொடுக்க உட்காரும்போது செய்தால் மறக்காது. இருமல், தும்மல் வரும்முன்னும் குழந்தையைத் தூக்கும்முன்னும் ஒரு முறை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள்.

நான் இரண்டு மாதம் மூச்சடக்கிக் கீழே தள்ளிக்கொண்டிருந்தேன். பயிற்சி என்று நினைத்துப் பாதகம். இன்னொன்று, சிறுநீர் போகும்போது நிறுத்தி நிறுத்திப் பழகாதீர்கள், பை முழுசாகக் காலியாகாது.

10. ஆறாவது வாரப் பரிசோதனையும் பிசியோவும்

என்னுடைய ஆறாவது வாரப் பரிசோதனை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. "தையல் ஆறிடுச்சு, கிளம்புங்க." நானும் வாயைத் திறக்கவில்லை. வீட்டில் அத்தை, "எல்லாருக்கும் இருக்கிறதுதான்மா" என்றார். நிறையப் பேருக்கு இருக்கிறது, அது உண்மைதான். ஆனால் சரிசெய்யக் கூடியது. கேள்விகளைச் சீட்டில் எழுதிக்கொண்டு போய் டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்: கசிவு உண்டா, அடியில் ஏதோ இறங்குவது போலப் பாரமா, உடலுறவில் வலியா, காற்றோ மலமோ அடங்காமல் போகிறதா. கடைசியாகச் சொன்னது இருந்தாலோ, மூன்றாம் நான்காம் நிலைக் கிழிசல் என்றாலோ ஆறு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

"பெல்விக் ஃப்ளோர்" சிகிச்சையில் அனுபவமுள்ள பெண் பிசியோதெரபிஸ்டைக் கேளுங்கள். பெரிய நகரங்களில் கிடைப்பார்கள். முதல் தடவை நேரில் போங்கள், பிறகு வீடியோவில் பார்த்துக்கொள்ளலாம். உள்பரிசோதனை செய்யலாமா என்று கேட்பார்கள், வேண்டாமென்றும் சொல்லலாம். எனக்கு முதல் முறை 900 ரூபாய், பிறகு 600 வீதம் ஆறு முறை, மொத்தம் 4,500. மருத்துவக் காப்பீட்டில் பெரும்பாலும் வராது. பார்த்த உடனே இருபது முறைக்குப் பேக்கேஜ் கட்டச் சொன்னாலோ, எப்படி இழுக்கிறீர்கள் என்று பார்க்காமலே மின்கருவியை மாட்டினாலோ வேறு இடம் தேடுங்கள்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு என்பது தெரிந்ததே. பிரசவத்தால் வந்த உடல்நலக் குறைவுக்கு மருத்துவச் சான்று கொடுத்தால், சட்டப்படி மேலும் ஒரு மாதம் வரை சம்பளத்தோடு எடுக்கலாம். எனக்குத் தெரிந்தபோது நான் வேலைக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகியிருந்தது. சான்று வேண்டுமென்றால் விடுப்பு முடிவதற்கு முன்பே டாக்டரிடம் கேளுங்கள். பிசியோ நாளைக் குறிக்கும்போது குழந்தை பால் குடித்து முடிக்கும் நேரம் பார்த்துக் குறியுங்கள், கூட ஒருவரையும் கூட்டிப் போங்கள்.